படிப்பகத்துச் சந்தில் நின்றுபோன லோரி

அத்தை, பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் ஒரு சங்கத்தில் வேலை பார்த்தார். அவருடைய அண்ணனான என் அப்பா, இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் லோரியில் அள்ளிச் சென்றார். “நீ காப்பாத்துறத காப்பாத்து, விழுந்தத நான் அள்ளுறேன்” என்பார் அப்பா. இருவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்ததுதான் அதிசயம்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை. அம்மா தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்குப் போய்விட, அத்தை என்னைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனார். குறுகிய சந்தின் கோடியில் ஒரு மாடிக் கட்டடம். துறைமுகத் தொழிலாளர்கள் சேர்ந்து கட்டிய படிப்பகம் என்றார் அத்தை. எனக்கு அது புறா எச்சம் நாறும் இடம், அவ்வளவுதான். அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அத்தை சன்னல்களை அளந்தார். இடிக்கக் கூடாதென்ற உத்தரவு நகராண்மைக் கழகத்திலிருந்து அன்று வரவேண்டும்.

அதற்குள் இடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அதற்கும் முன்னால் சந்துக்குள் நுழைந்தது அப்பாவின் லோரி. நான் உற்சாகமாகக் கையாட்டினேன். அப்பா பார்க்காத மாதிரி இருந்தார்.

அத்தை என் கையைப் பிடித்தபடி வாசற்படியில் போய் நின்றுகொண்டார். இடிக்கும் வேலையின் மேற்பார்வையாளர் வந்தார்.

“அக்கா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு வெளிய போங்க. மெஷின் வரப்போவுது.”

“உத்தரவு கொண்டுவர்ற ஆபீசர் ஜாம்ல மாட்டிக்கிட்டாரு. கொஞ்சம் பொறுங்க.”

“பேப்பர் கையில இருக்கா? இல்லைல? அப்போ எனக்குத் தெரியாது லா.”

இயந்திரம் உறுமியது. கால்களுக்குக் கீழே தரை அதிர்ந்து, மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அத்தை என்னை இன்னும் நெருக்கிப் பிடித்தார். ஆனாலும் அவர் நகரவில்லை.

மேற்பார்வையாளர் லோரியை ஓரங்கட்டச் சொன்னார். லோரி குலுங்கி, இருமி, சந்தின் நட்டநடுவில் நின்றுபோனது. பின்னாலிருந்த இயந்திரத்துக்கு வழியில்லை.

“ஸ்டார்ட் ஆவல பாஸ்” என்றார் அப்பா.

“காலையில நல்லாத்தானே ஓடுச்சு?”

“இப்ப ஓடலையே.”

மேற்பார்வையாளர் லோரிக் கதவை ஓங்கி அறைந்தார். வாயில் வந்தபடி திட்டினார்.  அப்பா இறங்கி எதையோ கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். எல்லார் முன்னாலும் அப்பா திட்டு வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

“சீக்கிரம் செய்ங்கப்பா!” என்று கத்தினேன். அத்தை என் விரல்களை நசுக்கிவிட்டார்.

கடைசியில் அதிகாரி, காரைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிட்டு, வியர்த்து வழிய உத்தரவோடு ஓடிவந்தார். மேற்பார்வையாளர் அதைப் படித்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “இனிமே நீ வேலைக்கு வரவேணாம்.”

அப்பா தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சாவியின் முதல் திருப்பிலேயே லோரி கிளம்பியது. அத்தை அங்கேயே படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜெயித்த பிறகு எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

படிப்பகம் இன்றும் நிற்கிறது. அப்பாவை அதற்குப் பிறகு எந்தக் குத்தகையாளரும் வெகுநாள் கூப்பிடவில்லை. பள்ளி திறந்ததும் என்னைத் தினமும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது அப்பாதான். எங்கள் அப்பாவுக்கு மட்டும் இன்னும் லீவு முடியவில்லை என்று வகுப்பு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.