நாலாம் பங்கைத் தின்ற கிடா

வெம்பக்கோட்டைக்குப் போகிற வழியில் பலவேச அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு. என் காட்டுக்கு அடுத்த காடு. ஊரே பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வந்துகொண்டிருந்த 2004-ஆம் வருசத்தில், இவர் மட்டும் பதினேழு செம்மறியை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். கம்பெனி மருந்து வாடை அவருக்குத் தலைவலி கொடுக்கும். ஆட்டு வாடை கொடுக்காது. ஆண்டவன் ஒவ்வொருத்தர் மூக்கையும் ஒவ்வொரு விதமாகப் படைத்திருக்கிறான்.

அவர் மேய்க்கிற விதமே தனி. காட்டை வேலிக்கருவை முள்ளால் நாலு பங்காக அடைத்திருந்தார். ஒரு பங்கில் பத்து நாள் மேயவிட்டு அடுத்ததுக்கு மாற்றுவார். கொழுக்கட்டைப் புல் நாலு விரலுக்குக் குறையும் முன்னே ஆடு வெளியே வந்துவிட வேண்டும். குனிந்து விரலை வைத்து அளப்பார். "வேரைக் கடிச்சா அடுத்த மழைக்கு எப்படிய்யா தழையும்?" என்பார். நாலாம் பங்கை மட்டும் ஆடி முழுக்கத் திறக்கவே மாட்டார். அது புரட்டாசி மழை வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டிய புல்.

அந்த வருசம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. லேபிள் ஒட்டும் வேலைக்குப் போகிற அவர் சம்சாரம் சொர்ணலட்சுமி கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாருங்க, மழைக்கு முன்னாடி புல்லு தீந்துச்சுன்னா என் கூலியில தீவனம் வாங்கிப் போட மாட்டேன். ஆட்டைச் சந்தையில வித்துட்டு, சீசனுக்கு என்கூட வேன்ல ஏறிருங்க."

"தீராது" என்றார் அண்ணன்.

ஆவணி பிறந்த மூணாம் நாள், நாலாம் பங்குக்குள் கறுப்பாக ஒரு வெள்ளாட்டுக் கிடா நின்றது. முள்வேலியைத் தாண்டிக் குதித்திருக்கிறது. அண்ணன் கம்பை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கிடா கழுத்தில் மஞ்சள் துணி. நெற்றியில் சிவப்பு.

எங்கள் பக்கம் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு அதுதான் அடையாளம். யார் காட்டில் மேய்ந்தாலும் அதை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. தின்றால் தின்றதுதான்.

அண்ணன் கம்பைப் போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். "சாமி, நீங்க வந்தது சந்தோசம். அங்கன கண்மாய்க் கரையில நல்ல தழை கெடக்கு. கொஞ்சம் அங்கிட்டு எழுந்தருளணும்."

கிடா அவரைப் பார்த்துக்கொண்டே மென்றது.

மறுநாளும் வந்தது. காலையில் வரும், பொழுது சாயப் போகும். கம்பெனிக்குப் போகிற ஆள் மாதிரி. குதிக்கிற குதியில் வேலி சரிந்து, செம்மறிகளும் அதன் பின்னாலேயே உள்ளே போய்விட்டன.

"ஏலே பலவேசம், உன் ஆட்டுக்கெல்லாம் பக்தி முத்திப்போச்சுலே!" என்று வரப்பில் நின்று சிரித்தார், மேலக்காட்டுக் கோட்டைச்சாமி. சிரித்தவரே மறுநாள் மகளுக்கு வரன் அமையணும் என்று கிடாய்க்கு ஒரு மாலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார். மூட்டுவலிக்காக நானும் இரண்டு பழம் கொடுத்தேன். பொய் சொல்லக் கூடாது.

புல் எட்டு விரலிலிருந்து ஆறானது. ஞாயிற்றுக்கிழமை சொர்ணலட்சுமி வந்து பார்த்தார்.

"சாமி சாமிங்கீக. சாமி தெனம் எட்டு மணி நேரமா திங்கும்? வேன்காரர்ட்ட ஒரு எடம் சொல்லி வைக்கவா?" என்று திட்டிவிட்டு, திரும்பும்போது கிடாய்க்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், அண்ணன் கிடா முன்னால் மண்டியிட்டிருந்தார். "சாமி, அஞ்சு வெரல்தான் நிக்குது. இதுவும் போச்சுன்னா நான் வேன்ல ஏறணும்..."

அப்போது டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார், பக்கத்து ஊர் சாம்சுந்தர் வாத்தியார். வரப்பில் நின்று, "ஏலே சாலமோன்!" என்று சத்தம் கொடுத்தார்.

கருப்பசாமி கிடா துள்ளிக்கொண்டு அவரிடம் ஓடியது.

"சார்... அது சாமி கிடா" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, நம்ம வீட்டுக் கிடா. காலையில அவுத்துவிட்டா சாயங்காலம் தானா வந்துரும். ரெண்டு வாரமா வீட்டுல எதை வச்சாலும் திங்க மாட்டேங்குது. சீக்கோன்னு பயந்து தேடி வந்தேன்."

"கழுத்துல மஞ்சத்துணி?"

"எம்மக ஜாஸ்பின் பாப்பா கட்டுனது. அவ பழைய பாவாடை."

"நெத்தியில செவப்பு?"

"நான் பரீட்சைப் பேப்பர் திருத்துற மை. பாட்டில்ல போயி முட்டிருச்சு. தேச்சும் போகல."

அண்ணன் மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் சுற்றிலும் பார்த்தார். வாடிய மாலை, பழத்தோல், கடிபட்ட புல். "அடப்பாவி, இம்புட்டையும் நீயா தின்ன?" என்று கிடாயைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"எங்க சர்ச் காம்பவுண்டுல தென்னைக்குப் பாயுற தண்ணியில முழங்கால் அளவு புல்லு நிக்குது. பாம்பு அடையுதுன்னு அறுக்க ஆள் தேடுறோம். ஒங்க ஆட்டை அங்கன விடுங்க. ஒண்ணே ஒண்ணு, ஞாயித்துக்கெழமை ஆராதனை நேரத்துல சத்தம் வரக் கூடாது."

"நான் சத்தம் போட மாட்டேன் சார். அதுக சொன்னாக் கேக்காதே."

கேட்கவும் இல்லை. பாட்டு தொடங்கினால் பதினேழும் சேர்ந்து கத்தும். பாடகர் குழுவைவிடச் சுருதி நன்றாக இருந்தது என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார். புரட்டாசிக் கடைசியில் மழை விழுந்து பத்தே நாளில் நாலாம் பங்கு ஒரு சாணுக்கு எழும்பி நின்றது. தெய்வம் எந்த வாசல் வழியாகவும் படியளக்கும். சொர்ணலட்சுமி வேனில் தனியாகத்தான் போனார்.

சாலமோனை வாத்தியார் அதற்குப் பிறகு கயிற்றில்தான் கட்டினார். அந்தப் பக்கம் போனால் அண்ணன் இன்னமும் செருப்பைக் கழற்றிவிட்டு, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

"அதான் சாமி இல்லேன்னு ஆயிருச்சேண்ணே" என்றேன்.

"இருக்கட்டும்ய்யா. ரெண்டு வாரம் கும்பிட்டுட்டு, இப்பப் போயி வாலே போலேன்னா நல்லாவா இருக்கும்?"