இரண்டாவது ஸ்பீக்கர் பெட்டி

குன்னூர் பக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கருகிய வாசனை வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். சத்தம் போதவில்லை என்று, ஆம்பிளிஃபயரோடு இரண்டாவது ஸ்பீக்கர் பெட்டியையும் இணைத்தாள். இரண்டுமே நான்கு ஓம் மின்தடை கொண்டவை.

"நாலும் நாலும் எட்டுங்கப்பா, தாங்கும்" என்றாள்.

எனக்கும் சரியென்றே பட்டது. அப்படிப் பக்கம் பக்கமாக இணைத்தால் மின்தடை இரண்டு ஓமாகக் குறைந்து மின்சாரம் கூடுதலாகப் பாயும், அதை அந்த ஆம்பிளிஃபயர் தாங்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆம்பிளிஃபயரின் பின்னால் புகை வந்தது.

"போட்டுட்டு வெளிய வா கண்ணு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வாசலுக்கு வந்து திரும்பினால், பின்னால் மகள் இல்லை. உள்ளே கிட்டார் சத்தமும் நின்றுபோயிருந்தது. அங்கேயே நின்றேன்.

சற்றுப் பொறுத்து, பிடுங்கிய மின்வயரோடு அவள் வெளியே வந்தாள்.

"ஏனுங்கப்பா, என்னைய உட்டுப்போட்டு இந்த ஓட்டம் ஓடறீங்க!" என்று சிரித்தாள்.

ஆம்பிளிஃபயரைப் பழுதுபார்த்து, இப்போது ஒரே பெட்டியோடு வாசிக்கிறாள். நான் சுவிட்சை ஒட்டியே உட்கார்ந்துகொள்கிறேன். உறவினர்கள் வந்தால் என் ஓட்டத்தை அவள் நடித்தே காட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த வாசலும், பின்னால் யாரும் வராததும்தான் தெரிகின்றன.