ஹோலிஸ் வீசிய மஞ்சள் துணி

ஓக்லஹோமாவில் மார்லோ க்ரீக் பக்கத்துப் பண்ணைவீடுகளுக்கு லாரியில் எரிவாயு கொண்டுபோய் நிரப்புகிறவர் ஹோலிஸ் ட்ரெம்பிள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர்.

அன்று மார்லோ க்ரீக் பள்ளி அணி ஒரே புள்ளி முன்னிலை. கடைசி நொடி. எதிரணி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. அவர்கள் பையன் டோபின் தலையைக் கால்களுக்கிடையே குனித்து, பந்தை உதைக்கிறவனுக்காகப் பின்னால் எறிந்தான். அவன் நிமிர்வதற்குள் மார்லோ க்ரீக்கின் ரைலன் தலைக்கவசத்தால் அவன் பிடரியில் இடித்ததை ஹோலிஸ் பார்த்தார். உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஊரே துள்ளியது. பிறகுதான் தப்பாட்டம் என்று காட்ட ஹோலிஸ் புல்லில் வீசியிருந்த மஞ்சள் துணி கண்ணில் பட்டது.

குனிந்திருப்பவனை இடிக்கக் கூடாது. அந்தத் தப்புக்கு எதிரணி பதினைந்து கெஜம் முன்னே வந்து மறுபடி உதைத்தது, பந்து நடுவே போனது. மார்லோ க்ரீக் தோற்றது.

"யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா?" ரைலனின் அப்பா கார்விஸ் கம்பிவேலியை உலுக்கினார். "என் புள்ள கையதான்யா வச்சான்!"

யாரோ கைபேசியில் எடுத்த படத்தில் ஒரு முதுகு குறுக்கே மறைத்தது. ரைலனின் கை மட்டும் தெரிந்தது. ஊருக்கு அது போதுமாக இருந்தது. பதினோரு வீட்டுக்காரர்கள் வேறு ஓட்டுநரை அனுப்பச் சொன்னார்கள். நடுவர் சங்கம் அவருக்கு ஆட்டம் தருவதை நிறுத்தியது. ஹோலிஸ் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"நெசமாவே பாத்தீங்களா?" என்றாள் மனைவி வெர்னா. அவர் படத்தை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார்.

கெஞ்சிக் கூத்தாடி டோபினின் எண்ணை வாங்கினார்.

"தம்பி, அவன் தலையால இடிச்சான்ல? நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"தெரியாது சார். நான்தான் குனிஞ்சிருந்தேனே. என்னமோ பட்டுச்சு, விழுந்தேன். எங்க ஊர்லயே ஓசில ஜெயிச்சோம்னு பேசுறாங்க. என்னய இதுல இழுக்காதீங்க."

"கழுத்து எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு சார்."

டிசம்பர் குளிரில் கார்விஸ் வீட்டு எரிவாயுத் தொட்டி காலியானது. அன்று வேறு ஓட்டுநர் இல்லை, ஹோலிஸ்தான் போனார். தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டார்.

கார்விஸ் வாசலுக்கு வந்தார். "ஒத்துக்க ஹோலிஸ். அத்தோட விட்டுர்றோம்."

ஹோலிஸ் லாரியிலிருந்து குழாயை அவிழ்த்தார். "இடிச்சான் கார்விஸ். நான் பாத்தேன்."

"ரொப்பிட்டுக் கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராத."

அவர் குழாயை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் மாட்டினார். ஜன்னலில் நின்று ரைலன் பார்த்துக்கொண்டிருந்தான். ஹோலிஸ் நிமிர்ந்து பார்த்ததும் திரையை இழுத்து மூடினான்.