அக்கா மாற்றிய தீர்ப்பு

குலதெய்வத்தையும் எங்கள் ஊர் அம்மனையும் வணங்கி, அக்கா அவர்கள் சாமியிடம் போய் ஓராண்டு நிறையும் இந்நாளில், உடன்பிறந்த தம்பியாகிய நான் இந்த நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது திருவாதவூரில், எங்கள் அம்மா பிறந்த வீட்டில். வாழ்க்கைப்பட்டது டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரிலேயே, அத்தை மகனுக்கு. மழை பொய்த்த வருடங்களில் மச்சான் மில் வேலைக்கு மதுரை போய்விட, மூன்று பிள்ளைகளையும் இரண்டு மாடுகளையும் அக்கா ஒற்றை ஆளாகப் பார்த்தார்கள். அந்தக் கஷ்டத்திலும் வெள்ளிக்கிழமை விரதம் ஒரு வாரம் தவறியதில்லை.

கோபக்காரர் என்று அக்காவுக்கு ஊரில் பேர் உண்டு. அந்தக் கோபம் செய்த நல்ல காரியத்தை எழுதச் சொன்னது என் மனைவி. அதில் அவளுக்கும் பங்கு உண்டு.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம், பங்குனிப் பொங்கல். அம்மனுக்கு எடுக்கத் தானியம் விதைத்த முளைப்பாரிச் சட்டிகளை எல்லாம் ஒரே வீட்டில், வெளிச்சம் படாமல் கதவடைத்து வைப்பது வழக்கம். இருட்டில்தான் பயிர் வெளிர் மஞ்சளாக உயர்ந்து வரும். வெளிச்சம் பட்டால் பச்சையடித்துக் குட்டையாகிவிடும். குட்டைப் பயிர்க்காரியின் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் பேசும்.

கூலி வேலைக்குப் போகும் பேச்சியம்மாள் அந்த வருடம் நேர்த்திக்கடனுக்குப் பாரி போட்டிருந்தாள். மகளுக்கு அம்மை கண்டு கண் திறக்காமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. கண் பிழைத்துவிட்டது. பாரி எடுக்கும் நாள் காலையில் பார்த்தால், உள்மூலையில் இருந்த அவள் சட்டி கதவு இடுக்கு ஓரத்தில் பச்சையாக நிற்கிறது. மூலையில் என் மனைவியின் சட்டி.

பேச்சி கூப்பாடு போட்டாள். என் மனைவியைச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டாள். இவள் சும்மா இருந்தாளா? "ஒன் ராசிக்கு அம்புட்டுத்தான்டி வளரும்" என்றாள்.

விழாக் கமிட்டியில் நானும் ஒருவன். கோயில் முன்னால் கூட்டம் கூடியது. நான் எழுந்து, "ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கு. ரெண்டு பேருமே இந்த வருசம் பாரி எடுக்க வேணாம்" என்றேன்.

"சொந்தப் பொண்டாட்டின்னும் பாக்கலையே, மனுசன்" என்று நாலு பேர் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தினமும் இருட்டுக்குள்ளேயே அந்தச் சட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துவந்த அக்கா முன்னால் வந்தார்கள்.

"ஏன்டா தம்பி, அடிச்சவளுக்கும் அலறினவளுக்கும் ஒரே தண்டனையா?"

"பொதுவாச் சொன்னேன்க்கா."

"பொதுவா என்னடா பொது? ஒன் பொண்டாட்டி அடுத்த வருசம் எடுத்துக்கிருவா. பேச்சி மக கண்ணுக்கு நேந்தவ. வெறுங்கையோட போயி ஆத்தாகிட்ட என்ன சொல்லுவா? ஒன் வீட்டுக்காரியக் காப்பாத்த நடுவுல நிக்கிற மாதிரி நிக்கிற."

எழுந்து நின்றவன் உட்கார்ந்துவிட்டேன். உண்மை அதுதான்.

கமிட்டிப் பெரியவர் ஒருவர், "பேச்சி வாயும் லேசுப்பட்ட வாய் இல்லையே, தாயி" என்றார்.

"அதுக்கு அவளத் திட்டுறேன், இருங்க" என்று அக்கா திரும்பினார்கள். "ஏன்டி, சாமி இருக்கிற வீட்டுல நின்னு பேசுற பேச்சாடி அது? போயி வாயக் கொப்புளிச்சுட்டு, விழுந்து கும்பிட்டு வா."

பேச்சி போய்க் கொப்புளித்து, அம்மன் முன் விழுந்து கும்பிட்டு வந்தாள்.

"அவ செஞ்ச தப்பு அம்புட்டுத்தான், தீந்துச்சு. இன்னொருத்தி தப்பு அப்படியே நிக்கிது." அக்கா என் மனைவியைப் பார்க்கக்கூட இல்லை. அம்மனைப் பார்த்துதான் சொன்னார்கள்.

என் மனைவி முன்னால் வந்து, "நாந்தான் மாத்தி வச்சேன் மதினி. எம்பயிரு ஒசரமா நிக்கணும்னு ஆசைப்பட்டுட்டேன்" என்று அழுதாள்.

"அழுதா ஆச்சா? போயித் தூக்கி விடு."

அந்தக் குட்டைப் பச்சைப் பயிரை என் மனைவி தன் கையால் தூக்கி, பேச்சியின் தலையில் வைத்தாள். அக்கா குலவை போட, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். வரிசையில் முதலில் பேச்சியின் சட்டிதான் போனது. கொட்டுக்காரர்கள் கண்மாய்க் கரைவரை அடியைக் குறைக்கவே இல்லை. பேச்சியின் மகள் தாய்க்கு முன்னால் கண்ணை அகல விரித்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு நான் கும்பிட்டது போல் பிறகு எந்தத் திருவிழாவிலும் கும்பிட்டதில்லை. அதன் பிறகு எங்கள் கமிட்டியில் 'ரெண்டு பேரு மேலயும் தப்பு' என்று யாரும் விசாரிக்காமல் சொல்வதில்லை.

அக்கா கடைசி இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார்கள். வைத்தியம் பார்த்த மதுரை டாக்டருக்கும், வேளை தவறாமல் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பேச்சியம்மாளுக்கும், கூடவே இருந்து மருந்து கொடுத்த என் மனைவிக்கும், துக்கத்துக்கு வந்து நின்ற சொந்தபந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

மறைந்தவர் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும் என்று இம்மாதிரி மலர்களில் ஒரு வரி இருக்கும். அச்சகத்தார் அதையும் கோர்த்து வைத்திருந்தார். எடுக்கச் சொல்லிவிட்டேன். அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டியவர்கள்தான். முதல் ஆளாக நான் சொல்கிறேன்.