ஏழால மட்டும் பெருக்காத

புளியங்கொட்டை எடுக்கிற வேலையில கை ஓயாது, மனசுக்குத்தான் வேலை இல்ல. ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை எடுத்துக்கிட்டே நடுநடுவுல இதை எழுதுறேன். தாள்ல பிசுபிசுன்னு கறை பட்டா பொறுத்துக்குங்க. வூட்டுக்காரரை வெளியூருக்கு அனுப்பிட்டு காத்துக்கினு இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

கடைசி மூட்டை

நாங்க ஏழு பேர். கடைசியா ஒரு மூட்டை மீந்துபோனா சமமா பிரிச்சுக்கிறது எங்க வழக்கம். ஏழாவது வரைக்கும் படிச்சவளாச்சேன்னு என்னைக் கணக்கு போடச் சொன்னாங்க. ஒண்ணை ஏழால வகுத்தேன். புள்ளிக்கு அப்புறம் 142857 வந்தது. மறுபடியும் 142857. தப்பா போட்டுட்டேன்னு நெனச்சு தாள் முடியிற வரைக்கும் போட்டேன், அதேதான் வந்துக்கினே இருந்தது. பக்கத்துல கொட்டை எடுத்துக்கினு இருந்த சரசு அக்கா எட்டிப் பாத்து, "புளியைப் பங்கு போடச் சொன்னா பூரானை வுட்டுக்கினு கீறியேடி" என்றாங்க.

பாறை மேல போன்

எங்க ஊர்ல ஒரு பாறை மேலதான் சிக்னல் கிடைக்கும். எல்லார் போனும் அங்கதான் இருக்கும். அடிச்சா, பக்கத்துல இருக்கிறவங்க பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. எங்க வூட்டுக்காரர் போர்வெல் லாரியில ஆந்திராவுல இருக்கார். போன்ல எனக்குப் பேச்சே வராது, கூச்சம். அன்னைக்கு அந்த நம்பரைச் சொன்னேன். ரெண்டால பெருக்கிப் பாத்திருக்கார், 285714. சிரிச்சுக்கிட்டே, "அதே ஆளுங்கதான் புள்ள, பஸ்ல சீட்டு மாத்திக் குந்திக்கினு கீறாங்க" என்றார்.

மூணு, நாலு, அஞ்சு

அப்புறம் ஒரு போனுக்கு ஒரு பெருக்கல். 428571, 571428, 714285. கூடவே, ஏன் வரலைன்னும் சொல்வார். லாரி ரிப்பேர், மழை, ஆள் பத்தல. அடுத்த தடவை மழை, ஆள் பத்தல, லாரி ரிப்பேர். எங்க பாப்பா நடக்க ஆரம்பிச்சதைக்கூட அவர் இன்னும் பாக்கல. சரசு அக்காகிட்ட சொன்னேன். "அவன் காரணமும் உன் நம்பர் மாதிரிதான்டி, எங்க தொட்டாலும் அதேதான்" என்றாங்க.

ஏழு

ஆறால பெருக்கி 857142 சொன்ன அன்னைக்கு, "ஏழால மட்டும் பெருக்காத, நான் வந்ததும் ரெண்டு பேரும் சேந்து போடலாம்" என்றார். சரின்னேன். சாயங்காலமே போட்டுட்டேன். 999999. சுத்திக்கினு இருந்த எல்லாரும் ஒரே நேரத்துல வூடு வந்து சேந்த மாதிரி இருந்தது. பாத்ததும் அழிச்சிட்டேன். இப்ப எட்டு நாளா போன் இல்ல. அவர் வர்ற வரைக்கும் எப்படி மறைக்கிறதுன்னு சரசு அக்காவைக் கேட்டேன். "அவன் வந்து சொல்லட்டும், நீ ஒண்ணும் தெரியாதவளாட்டம் வாயைப் பொளந்துக்கினு பாரு" என்றாங்க.

மொத்தத்துல இந்த வேலையில நான் கத்துக்கிட்டது, ஒரு மூட்டையை ஏழால வகுத்தா தீரவே தீராது, ஆனா அதே ஏழால பெருக்க ஒரு ஆள் வந்து பக்கத்துல குந்தினா... சரசு அக்கா பாறையில இருந்து என் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, அடிக்கிறது என் போன்தானாம், கையைக்கூடக் கழுவாம