ஹென்றியின் கை

எனிட் டாப்ஸ்காட் மிஸ்ஸிடம் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எத்தனை வகை என்பது தலைகீழ்ப் பாடம். ஆள் பெயரும் ஊர் பெயரும் சிறப்புப் பெயர். மனிதன், மரம் என்றால் பொதுப் பெயர். மந்தை, கூட்டம் எல்லாம் தொகுதிப் பெயர். பசி, பொறுமை போன்றவை கண்ணால் பார்க்க முடியாதவற்றின் பெயர். பால் நான்கு. ஆண் என்றால் அவன், பெண் என்றால் அவள், நண்பர், உறவினர் என்று இருவருக்கும் பொருந்துவது பொதுப்பால், மற்றதெல்லாம் அது. பரீட்சையில் இதை ஒரு பிள்ளையும் தப்பாக எழுதியதில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் ஒரு பிள்ளையும் சரியாகப் பேசியதுமில்லை.

எங்கள் ஹியூவன் பள்ளத்தாக்கில் மரம் அவன். கோடரி அவன், ரம்பம் அவன், கையில் எடுத்த ஆப்பிளும் அவன்தான். லாரி அவள், மழை அவள், வீடு அவள், செய்கிற வேலையும் அவள். யாரும் உட்கார்ந்து வகுத்துக் கொடுத்த விதி இல்லை. ஆனாலும் மூன்று வயதுக் குழந்தைகூட அதில் தவறாது. டாஸ்மேனியாவின் காட்டு ஓரத்தில் இப்படித்தான் ஆங்கிலம் பேசுவோம். வெளியூர்க்காரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மிஸ்ஸும் ஒரு காலத்தில் வெளியூர்தான். 1927-ல், இருபத்திரண்டு வயதில், ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் ஓட்டிவிட்டுப் போகலாம் என்று ஹோபர்ட்டிலிருந்து வந்தவர். முதல் குளிர்காலத்திலேயே நிமோனியா படுக்கப் போட்டது. ராக் வீட்டு அம்மா, தன் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பதினோரு நாள் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு மிஸ் ஊரைவிட்டுப் போகவில்லை. கேட்காமலே விறகு வந்து அடுக்கப்பட்டிருக்கும். வாசலில் ஆட்டுக்கறி தொங்கும், யார் கொண்டுவந்தது என்றே தெரியாது. இத்தனைக்கும் பதிலாகத் தன்னால் கொடுக்க முடிந்தது நல்ல ஆங்கிலம் ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். அதனால் முப்பத்தொரு வருடம் ஓயாமல் ‘அவன்’களைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘அது’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கைக்குழந்தைதான் ஆத்தல் ராக். வளர்ந்து மரம் வெட்டப் போனவன். 1958 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவனும் கூட்டாளி கிளாரியும் ஒரு பெரிய தைலமரத்தை வீழ்த்தினார்கள். மரம் வேரடியில் முறுக்கித் திரும்பிவிட்டது. கிளை கிளாரியின் தலையில் அடித்து அவனை அமுக்கிக்கொண்டது. நினைவிழந்த அவனை ஹோபர்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காவல் நிலையத்தில் ஆத்தல் வாக்குமூலம் கொடுத்தான். அதோடு அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவன் மனைவி டோரீன் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள்.

“மிஸ், நாளைக்கு அவரை ஹோபர்ட் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாம். ஹென்றின்னு ஒரு ஆளை ஏவிவிட்டு கிளாரியை அடிச்சாராம். ஹென்றிங்கறது அந்த மரத்துக்கு இவங்க வச்ச பேரு மிஸ். அவரோ வாயே திறக்க மாட்டேங்கறாரு. எல்லாம் என் தப்புதான்னு மட்டும் சொல்றாரு.”

மிஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு டோரீனோடு கிளம்பினார்.

சார்ஜன்ட் லாம்பர்ட் மெல்போர்னிலிருந்து வந்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது. கெட்ட மனிதரில்லை. காதில் விழுந்ததை எழுத்து பிசகாமல் எழுதிக்கொள்பவர், அதுதான் வினை.

“சார்ஜன்ட், ஹென்றிங்கறது ஒரு மரம்.”

“நீங்களுமா? காலைலேர்ந்து நீங்க ஏழாவது ஆள். ஊரே கூடிப் பேசி வச்சிருக்கீங்க.” அவர் தாளை எடுத்து வாசித்தார். “கேளுங்க. ‘ஹென்றி காலைலேர்ந்தே கிளாரி பக்கம் சாய்ஞ்சுக்கிட்டு நின்னான். நான்தான் அவசரப்பட்டு அவன் முதுகுல போட்டேன். அவன் திரும்பி கிளாரி தலையில அடிச்சான். அடிச்சதோட விடல, மேல விழுந்து அமுக்கிட்டான். கடைசில அவன் கையை அறுத்துத்தான் கிளாரியை வெளிய எடுத்தேன்.’ போதுமா?”

எங்கள் பக்கம் மரத்தின் பெரிய கிளைக்கும் மனிதன் கைக்கும் ஒரே சொல்தான். முதுகில் போடுவது என்றால் மரத்தின் பின்பக்கம் வெட்டு வைப்பது. பாவம் சார்ஜன்ட், ஒற்றைக் கை ஹென்றியைத் தேடி மூன்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருந்தார்.

“போன சனிக்கிழமை மதுக்கடையில கால்பந்தாட்டத்துக்காக ஆத்தலும் கிளாரியும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்குச் சாட்சி இருக்கு. அந்தக் கோவத்துலதான் ஹென்றியைக் கூட்டிட்டு வந்திருக்கான். மரத்துக்குப் பேர் வச்சு, அவன் இவன்னு யாராவது பேசுவாங்களா மிஸ்? நீங்க பேசுவீங்களா?”

“மாட்டேன்,” என்றார் மிஸ். பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்ன பிறகுதான் அந்த ஒரு வார்த்தை ஆத்தலை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று உறைத்தது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நடந்தார். பாதி நடை, பாதி ஓட்டம். அரைமணி நேரத்தில் பத்தொன்பது நோட்டுகளைச் சுமந்துகொண்டு வந்து சார்ஜன்ட் மேசையில் போட்டார்.

“எங்க வீட்டு மரம்னு தலைப்பு. திங்கட்கிழமை பிள்ளைங்க எழுதினது. தேதி போட்டிருக்கு, அன்னைக்கே திருத்திட்டேன். ஹென்றி விழுந்தது செவ்வாய்க்கிழமை.”

சார்ஜன்ட் முதல் நோட்டைப் பிரித்தார். ‘எங்க வால்நட் மரத்துக்கு வயசாயிடுச்சு. போன வருஷம் அவன் காய்க்கவே இல்ல. அப்பா அவன் கை ஒண்ணை வெட்டினார். அவனுக்கு வலிக்கலன்னு சொன்னார்.’ ஒவ்வொரு ‘அவன்’ மேலும் சிவப்புக் கோடு. ஒவ்வொரு கோட்டின் மேலும் ‘அது’.

அடுத்த நோட்டிலும் அப்படியே. பதினோராவது நோட்டில் சார்ஜன்ட் மீசை லேசாக அசைந்தது. பத்தொன்பதையும் அவர் விடாமல் படித்தார். பிறகு மேசைமேல் கிடந்த ரப்பர் முத்திரையைத் தூக்கிக் காட்டினார்.

“இது?”

“எனக்கு அது. இந்த ஊருக்கு அவன்.”

“வெளிய நிக்குற ஜீப்பு?”

“அவள்.”

மூலையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்காமலே தலையாட்டினாள்.

“எத்தனை வருஷமாத் திருத்தறீங்க மிஸ்?”

“முப்பத்தொண்ணு.”

“ஒருத்தரும் திருந்தலையே.”

“ஒருத்தரும் திருந்தல. அதுக்காக இன்னைக்குத்தான் முதல் தடவையாக் கடவுளுக்கு நன்றி சொல்றேன்.”

சார்ஜன்ட் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே வந்த ஆத்தல் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினான். “மன்னிச்சிடுங்க மிஸ். நீங்க சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருந்துச்சு. ‘அது’ன்னு சொல்லியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது. கிளாரி அப்படிக் கிடக்கறதை நினைச்சா அப்படிச் சொல்ல வாய் வரல.”

“எங்கிட்ட எதுக்குடா மன்னிப்பு? உங்க அம்மா பதினோரு நாள் என் பக்கத்துல உட்கார்ந்து பேசினது பூரா இந்தப் பேச்சுலதான். அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் பிழைச்சு வந்தேன். குணமாகி எழுந்ததும் முதல் வேலையா அதையே அடிச்சுத் திருத்த உட்கார்ந்துட்டேன். நீங்க யாரும் ஒரு நாளும் கோவிச்சுக்கல.”

ஆத்தல் தொப்பியை மாட்டிக்கொண்டான். “கிளாரியைப் பார்க்கணும் மிஸ்,” என்றான். விடுதலை ஆன சந்தோஷம் அவன் முகத்தில் துளியும் இல்லை. சார்ஜன்டே டோரீனையும் சேர்த்து மூவரையும் ஜீப்பில் ஏற்றி ஹோபர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்.

மதியம்தான் கிளாரிக்கு நினைவு திரும்பியிருந்தது. தலை முழுக்கக் கட்டு, ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. ஆத்தல் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டான். பக்கத்தில் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை.

“ஏண்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற?” கிளாரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “உன் தப்பு இல்லடா. அவன் புத்தியே கோணல். நாம வெட்டப் போன நாள்லேர்ந்து என் மேல ஒரு கண்ணாத்தான் இருந்தான்.”

ஆத்தல் மிஸ்ஸின் பக்கம் திரும்பினான். சின்ன வயதில் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சரியா என்று பார்ப்பானே, அதே பார்வை. ‘அது’வின் மேல் பழி போட முடியாது. பழி போட ஒரு ‘அவன்’ வேண்டும், இல்லாவிட்டால் முழுப் பாரமும் இவன் தலையில்தான் இறங்கும். மிஸ்ஸுக்கு இது அந்தக் கட்டிலருகே நின்றபோதுதான் விளங்கியது.

“கிளாரி சொன்னதுல ஒரு தப்பும் இல்ல ஆத்தல்,” என்றார்.

ஆத்தல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து அடக்கிவைத்த அழுகையை அழுதான்.