பப்பு யாருடையவன்

மார்த்தாண்டம் டிராயிங் மாஸ்டர் ஞானசிங்கை நான் முதலில் பார்த்தது 1954-ல், நாகர்கோவிலில் எங்கள் வக்கீலாபீசில். நான் அங்கே குமாஸ்தா. நாற்காலியைக் காட்டியதும், அதன் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வக்காலத்தை மூன்று முறை படித்தார். எதிர்த்தரப்பிடம் நாங்கள் ஏதாவது வாங்கிவிட்டோமா என்று வேறு கேட்டார்.

சார் ஒரு வாரப் பத்திரிகையில் படக்கதை வரைந்துவந்தார். பனையேறியான பப்பு, மர உச்சியில் இருந்தபடியே ஊர்த் திருட்டையெல்லாம் கண்டுபிடிப்பான். பிள்ளைகளுக்குப் பப்பு என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று சார் தன் பெயரையே போடவில்லை. அச்சானதும் மூலப்படங்களைக் கொல்லையில் கொளுத்திவிடுவார், யாரும் பார்த்துப் பழகிவிடக் கூடாதாம். வரைகிறவர் இன்னார் என்று தெரிந்தவர் பத்திரிகை ஆசிரியர் ஒருவர்தான். அவர் சொல்லி, பப்புவைப் படமெடுக்க அனுமதி கேட்டு, சினிமாக் கம்பெனி ஆள் குமாரதாஸ் ஒப்பந்தத்தோடு வந்தார். ஏமாற்று வேலை என்று சார் விரட்டிவிட்டார். கம்பெனி அனுமதி இல்லாமலே படத்தை எடுத்தது.

பப்பு தன்னுடையவன் என்று கோர்ட்டு சொல்ல வேண்டும். சாருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆசிரியர் அதற்குள் காலமாகிவிட்டார். குமாரதாஸ் சாரைக் கண்டதே இல்லை என்று கூசாமல் சொன்னார். சார் கோர்ட்டிலேயே பப்புவை வரைந்து காட்டினார். அச்சில் வந்ததைப் பார்த்து யாரும் வரையலாம் என்று எதிர்வக்கீல் சிரித்தார். மிச்சம் இருந்த ஒரே சாட்சி சாரின் மனைவி சத்தியபாய். அவரிடம் முன்கூட்டிப் பேசச் சார் எங்களை விடவில்லை. மனதைக் கலைத்துவிடுவோமாம்.

அந்த அம்மாள் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார். கணவர் பப்புவை வரைவதைப் பார்த்ததுண்டா என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"இல்ல ஐயா. அவிய கதவ அடச்சுட்டுதான் இருப்பாவ. நான் ஒரு நாளும் பாத்ததில்ல."

வழக்கு அங்கேயே விழுந்தது. வராந்தாவில் சார் மனைவியை மறித்தார்.

"ஏட்டி, அவனுவ ஒனக்கு என்னத்த தந்தானுவ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மாள் கோபப்படவில்லை.

"பதினோரு வருசமா கதவுக்கு வெளியதான் நிக்கேன். ஒரு நாளு உள்ள கூப்பிட்டிருந்தா, இன்னைக்கு உங்களுக்காவச் சொல்லியிருப்பேனே" என்று விம்மினார்.

 சார் என் பக்கம் திரும்பி, இப்படிப் பேச இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீதானே என்று கேட்டார்.